பல் பிரஷ் விற்று விமானம் ஏறிய மாணவிகள்!
32 பாயிண்டில் தோற்ற அணி, 8 நாளில் பழிக்குப் பழி வாங்கியது

கையில் காசு இல்லை. ஆளுக்கு ஒரே ஒரு சீருடை. கூட்டிப் போக ஆள் பலமும் இல்லை.

இந்த நிலையில் கிளம்பிப் போய், அமெரிக்காவிலேயே முதல் இடம் பிடித்துத் திரும்பியது ஒரு பெண்கள் கல்லூரி. கல்லூரியின் பெயர் இம்மாகுலாடா. விளையாட்டு, கூடைப்பந்து. ஆண்டு, 1972.

பென்சில்வேனியா மாநிலத்தில் பிலடெல்பியா நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்தக் கல்லூரி. கன்னியாஸ்திரிகள் 1920-ல் தொடங்கியது. அப்போது பெண்கள் மட்டுமே படித்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைத் தவிர வெளியே யாருக்கும் பெயர்கூடத் தெரியாது.

சம்பளம் 450 டாலர்!

1970-ல் அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தார் கேத்தி ரஷ். அவருக்கு அப்போது வயது 22. சம்பளம் மாதத்துக்கு அல்ல, ஆண்டு முழுவதற்கும் 450 டாலர். அவ்வளவுதான்.

கணவர் எட் ரஷ், தொழில்முறை ஆண்கள் கூடைப்பந்தில் நடுவர். அதனால் வீட்டிலும் பந்துப் பேச்சு, வெளியிலும் பந்துப் பேச்சு.

வந்து பார்த்தால், கல்லூரியில் விளையாட்டுக் கூடமே இல்லை. 1967-ல் தீப்பிடித்து எரிந்து போயிருந்தது. கன்னியாஸ்திரி ஆக வரும் இளம் பெண்கள் தங்கும் மடத்தின் அடித்தளத்தில்தான் பயிற்சி நடந்தது.

மாணவிகளின் உடுப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். கம்பளித் துணியில் தைத்த கவுன்! அதைப் போட்டுக் கொண்டுதான் வேர்க்க விறுவிறுக்க ஓட வேண்டும்.

ஆனாலும் ரஷ் அசரவில்லை. ஆண்கள் அணிகள் ஆடும் வியூகங்களை எல்லாம் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். முதல் ஆண்டு 12 ஆட்டத்தில் 10 வெற்றி!

வீடு எரிந்ததால் வந்த வீராங்கனை

அணியின் தூண், தெரசா ஷாங்க். நல்ல உயரம். கூடைக்குக் கீழே அவர் நின்றால் எதிரணிக்குப் பந்து கிடைப்பது குதிரைக் கொம்பு.

அவர் இந்தக் கல்லூரிக்கு வந்ததே ஒரு தீயால்தான். வெளியூர்க் கல்லூரியில் சேர நினைத்திருந்தபோது அவர்கள் குடும்பத்து வீடு எரிந்து போயிற்று. அந்த நேரத்தில் குடும்பத்தை விட்டுப் போக மனம் இல்லை. பக்கத்தில் இருந்த இம்மாகுலாடாவில் சேர்ந்தார்.

காலமும் துணை நின்றது. அதுவரை பெண்கள் கூடைப்பந்தில் ஓர் அணிக்கு 6 பேர். பெண்களால் முழுத் தூரம் ஓட முடியாது என்ற நினைப்பில், பலருக்குப் பாதி மைதானத்தோடு ஓட்டம் முடிந்து விடும். 1971-ல் அந்த விதி போயிற்று. ஆண்களைப் போலவே 5 பேர், மைதானம் முழுக்க ஆட்டம் என்று ஆனது.

இது இம்மாகுலாடாவுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்தது போல ஆயிற்று. 1971-72 பருவத்தில் வெற்றி மேல் வெற்றி!

வாளி தட்டிய கன்னியாஸ்திரிகள்

உள்ளூர் ஆட்டங்களில் இன்னொரு வேடிக்கை. ரெனி மூத் என்ற வீராங்கனையின் தந்தை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் கடையிலிருந்து தகர வாளிகளையும் மரக் குச்சிகளையும் கொண்டு வந்தார்.

ஜபமாலை உருட்டும் கைகள் வாளியைத் தட்டின. வயதான கன்னியாஸ்திரிகளும் வரிசையாக உட்கார்ந்து "டம் டம்" என்று முழக்கினார்கள். எதிரணிக்குக் காது அடைத்துப் போயிற்று!

இடி விழுந்தது

எல்லாம் நன்றாகப் போய்க் கொண்டிருந்தது. வட்டார இறுதி ஆட்டத்தில் வந்தது இடி.

எதிரே நின்றது பக்கத்து ஊர் வெஸ்ட் செஸ்டர் கல்லூரி. 1969-ல் நடந்த முதல் தேசியப் போட்டியிலேயே கோப்பை வாங்கிய அணி. பயிற்சியாளர் ரஷ் படித்ததும் அந்தக் கல்லூரியில்தான்.

வெஸ்ட் செஸ்டர் 70, இம்மாகுலாடா 38. வித்தியாசம் 32 பாயிண்ட்! அந்தப் பருவத்தில் இம்மாகுலாடா தோற்றது அந்த ஒரே ஆட்டம்தான்.

தோற்றாலும் இரண்டாம் இடம் கிடைத்ததால் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. போட்டி இல்லினாய் மாநிலத்தில், நார்மல் என்ற ஊரில். 16 அணிகள். தர வரிசையில் இம்மாகுலாடாவுக்குக் கிடைத்தது 15-வது இடம்.

போவது எப்படி?

அழைப்பு வந்தது. பணம் வரவில்லை.

மாணவிகள் சும்மா இருக்கவில்லை. பல் துலக்கும் பிரஷ்களை வாங்கி வீடு வீடாக விற்றார்கள். கிடைத்த காசு எல்லோருக்கும் போதவில்லை. 8 வீராங்கனைகள் மட்டுமே போக முடிந்தது. மற்றவர்கள் வாசலில் நின்று வழியனுப்பி வைத்தார்கள்.

போன 8 பேருக்கும் உறுதியான டிக்கெட் கிடையாது. கடைசி நேரத்தில் காலி இடம் இருந்தால்தான் விமானத்தில் ஏறலாம். குறைந்த கட்டணம் என்பதால் அதற்கும் காத்திருந்தார்கள். ஓர் அறையில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். ஒரே சீருடை என்பதால், ஆடி முடித்ததும் அறையிலேயே துவைத்துக் காயப் போட்டார்கள்.

4 பாயிண்டில் கோப்பை!

முதல் சுற்றில் வெற்றி. கால் இறுதியில் 2 பாயிண்டில் தப்பினார்கள். அரை இறுதியில் 46-43.

இறுதி ஆட்டத்தில் எதிரே யார்? அதே வெஸ்ட் செஸ்டர்!

8 நாளுக்கு முன் 32 பாயிண்டில் நசுக்கிய அணி. வேறு யாராக இருந்தாலும் கை கால் உதறியிருக்கும். மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை. தெரசா ஷாங்க் கூடைக்குள் பந்தைப் போட்டுக் கொண்டே இருந்தார். மற்ற மாணவிகள் எதிரணியை நகர விடவில்லை.

முடிவு: இம்மாகுலாடா 52, வெஸ்ட் செஸ்டர் 48. பருவம் முழுவதும் 24 வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

1973, 1974 ஆண்டுகளிலும் கோப்பை அவர்களுக்கே. 1975 ஜனவரியில் மேரிலாண்டு அணியுடன் அவர்கள் ஆடிய ஆட்டம், நாடு முழுவதும் டெலிவிஷனில் காட்டிய முதல் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம். அடுத்த மாதம் நியூயார்க் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் அவர்கள் ஆடியதைப் பார்க்க ஏறக்குறைய 12 ஆயிரம் பேர் கூடினார்கள்.

சட்டம் வந்தது, கோப்பை போனது

முதல் கோப்பை வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 1972 ஜூன் 23-ந் தேதி, அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பேதம் காட்டக் கூடாது என்ற சட்டத்தில் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்துப் போட்டார்.

பெண்களுக்கு நல்ல காலம் பிறந்தது. இம்மாகுலாடாவுக்கோ அதுவே சோதனை ஆயிற்று. பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்தைக் கொட்டின. உதவித் தொகை கொடுத்து நல்ல வீராங்கனைகளை இழுத்தன. சின்னக் கல்லூரி என்ன செய்யும்? 1975, 1976 இறுதி ஆட்டங்களில் டெல்டா ஸ்டேட் அணியிடம் தோற்றது. 1977-ல் ரஷ்ஷும் விலகினார். அதன் பிறகு அந்தக் கோப்பை திரும்பவே இல்லை.

ஆனால் விதைத்தது வீண் போகவில்லை. தெரசா ஷாங்க், பிறகு தெரசா கிரென்ட்ஸ் என்ற பெயரில் ரட்ஜர்ஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளராகி 1982-ல் தேசியக் கோப்பை வாங்கித் தந்தார். 1992 ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற அமெரிக்கப் பெண்கள் அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர்.

கேத்தி ரஷ் 2008-லும், அவருடைய அந்த அணி 2014-லும் ஸ்பிரிங்பீல்டில் உள்ள கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள்.

பிரஷ் விற்ற காசுக்கு 8 டிக்கெட்தான் வந்தது. புகழ் மண்டபத்தில் அந்தக் கணக்கு இல்லை. அணி முழுவதுக்கும் அங்கே இடம் கிடைத்து விட்டது!