விறகுக் கழிவிலிருந்து வெப்பமும் மின்சாரமும்

மரம் அரியும் ஆலைகளிற் குவியும் மரத்தூளும், தோட்டங்களில் வெட்டி ஒதுக்கப்படும் கிளைகளும் பயனற்ற குப்பையென்றே பலராற் கருதப்படுகின்றன. நீர்நிலைகளிற் கொட்டப்படும் மரத்தூள் அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் மடிகின்றன. திறந்தவெளியிற் கொளுத்தினாலோ வெப்பம் வீணாகிப் புகையே மிஞ்சுகின்றது. முறைப்படி எரிப்பின் இவை சிறந்த எரிபொருளாகும். வெட்டிய மரத்துக்கு ஈடாக மீண்டும் மரம் வளருமாயின், இவ்வெரிபொருள் வற்றாததுமாகும்.

எங்கே பயன்படுகின்றது?

இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகள் பல, கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் வேண்டிய வெப்பத்தை விறகிலிருந்தே பெறுகின்றன. மீள்நடுகைக்காகத் தறிக்கப்படும் இறப்பர் மரங்கள் இதற்குப் பெரிதும் உதவுகின்றன. சீமைக்கிளுவை 2005 ஆம் ஆண்டில் நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. வெட்ட வெட்டத் தழைக்கும் இம்மரத்தை வேலியிலும் தென்னையின் கீழும் எளிதில் வளர்க்கலாம். 2008 ஆம் ஆண்டில் திருகோணமலையிற் சீமெந்துத் தொழிற்சாலையொன்று இத்தகைய தாவரப் பொருள்களை எரித்து மின்சாரம் பெறும் 10 மெகாவாற்று நிலையத்தை நிறுவியது.

ஈரமே முதற் பகை

புதிதாக வெட்டிய விறகின் நிறையில் ஏறக்குறைய அரைப்பங்கு நீராகும். இந்நீரை ஆவியாக்குவதற்கே வெப்பத்தின் ஒரு பகுதி செலவாகிவிடும். ஒரு கிலோகிராம் பச்சை விறகு ஏறத்தாழ 8 மெகாயூல் வெப்பமே தரும்; ஈரப்பதன் நூற்றுக்கு 20 ஆகக் குறையும்வரை உலர்ந்த விறகு 15 மெகாயூல் அளவில் தரும். பச்சை விறகை ஏற்றிச் செல்பவர் பாதி நீருக்கும் ஏற்றுகூலி கொடுக்கின்றார். அதனை எரிப்பதாற் புகை பெருகிப் புகைபோக்கியிற் கீலும் படியும்.

ஆகவே, தடித்த கட்டைகளைப் பிளந்து, நிலத்திற் படாதவாறு கற்களின்மேற் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குதல் வேண்டும். மேலே கூரையிட்டு, பக்கங்களைக் காற்றோட்டத்துக்குத் திறந்து விடுக. ஒரு கட்டையை வாரந்தோறும் நிறுத்துப் பார்க்குக. நிறை குறைவது நின்றதும் விறகு உலர்ந்துவிட்டதென அறியலாம்.

மின்சாரம் பெறுதல்

விறகின் வெப்பம் கொதிகலனிலுள்ள நீரை உயரமுக்க ஆவியாக்கும். ஆவி சுழலியைச் சுழற்றும். சுழலி மின்பிறப்பாக்கியை இயக்கும். சிறிய நிலையங்களில் வெப்பத்தின் நாலிலொரு பங்கு அல்லது அதிலுங் குறைவாகவே மின்சாரமாக மாறும். ஆதலால் தேயிலை உலர்த்தல், நெல் அவித்தல் போன்ற வேலைகளுக்கு வெப்பத்தை நேராகவே பயன்படுத்துதல் சிக்கனமானது. மின்னிலையத்தில் எஞ்சும் வெப்பத்தையும் இவ்வாறு பயன்படுத்தலாம்.

நிலத்துக்குரியது நிலத்துக்கே

விறகை விற்கும் கமக்காரர் இலைகளையும் சேர்த்து விற்றலாகாது. சீமைக்கிளுவை இலை நைதரசன் மிகுந்த பசுந்தாட் பசளையாகும். அதனை இழந்த நிலம் வளங்குன்றும். விறகால் வந்த வருவாய் பசளை வாங்குவதிற் கரைந்துவிடும். தடிகளை மட்டும் விற்று, இலைகளைப் பயிரின் அடியில் இடுக.

சாம்பலிற் பொற்றாசியமும் கல்சியமும் உண்டு. அதனை வயலுக்கு மெல்லிய படையாகத் தூவலாம். எனினும் அமோனியம் சல்பேற்று, யூரியா ஆகியவற்றுடன் கலத்தல் கூடாது. கலந்தால் நைதரசன் அமோனியாவாக வெளியேறிவிடும். வர்ணம் பூசிய பலகைகளையும் பூச்சிகொல்லி மருந்தூட்டிய மரங்களையும் அடுப்பில் எரித்தல் ஆகாது. அவற்றின் புகை நஞ்சாகும். சாம்பலும் பயிர்நிலத்துக்கு உதவாது.