துடைப்பத்துக்குப் பின்னால் ஒரு வீடு: கார்டன் பார்க்ஸ் எடுத்த படங்கள்

ஓசூரிலிருந்து பேசுறேன். இன்னிக்கு ஒரே ஒரு கேள்வி. ஒருத்தரை அவர் செய்யும் வேலையோடு மட்டும் படம் எடுப்பதற்கும், அவருடைய வீடு, பிள்ளைகள், சாமி, தெரு எல்லாத்தோடும் சேர்த்து எடுப்பதற்கும் என்ன வித்தியாசம்? இதைப் புரிஞ்சுக்க கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக் கலைஞரிடம் போகணும். அங்கிருந்து மதுரைக்கு வந்து, கடைசியில் நம்ம சிப்காட் கேட்டுக்கு வந்துடலாம்.

பார்க்ஸ் 1912-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊரில் பிறந்தவர். 15 பிள்ளைகளில் கடைக்குட்டி. பதின்ம வயதிலேயே அம்மா இறந்துட்டாங்க. செயின்ட் பால் நகரத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பினாங்க. அக்கா வீட்டுக்காரர் அவரை வெளியே துரத்திட்டார். அதுக்கப்புறம் கிடைச்ச வேலையெல்லாம் செய்தார். ரயிலில் சர்வராக இருந்தபோது, பத்திரிகைகளில் வந்த ஏழைத் தொழிலாளர் படங்களைப் பார்த்தார். அந்தப் படங்கள் அவரை விடவே இல்லை. சியாட்டில் நகரத்து அடகுக்கடை ஒன்றில் 7.50 டாலருக்கு ஒரு கேமரா வாங்கினார். புகைப்படம் எடுக்கத் தானே கற்றுக்கொண்டார்.

1942-இல் ஓர் உதவித்தொகை கிடைத்து வாஷிங்டன் போகிறார். விவசாயப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசுத் துறையில் வேலை. அங்கே புகைப்படப் பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். அவர் முதலில் பார்க்ஸை ஊரைச் சுற்றிப் பார்க்க அனுப்பினார். துணிக்கடை, ஹோட்டல், சினிமா தியேட்டர்னு எங்கே போனாலும் கறுப்பர் என்பதால் மறுப்பு. கோபத்தோடு திரும்பி வந்தவரிடம் ஸ்ட்ரைக்கர் ஒரு யோசனை சொன்னார்: இதே கட்டடத்தில் பெருக்கித் துடைக்கிற அம்மாகிட்ட போய்ப் பேசிப் பார்.

அந்த அம்மாதான் எலா வாட்சன். ஆண்டுச் சம்பளம் 1,080 டாலர். அப்பாவை வெள்ளையர் கும்பல் அடித்துக் கொன்றிருந்தது. கணவர் சுடப்பட்டு இறந்தவர். மகளும் இறந்துவிட, பேரப்பிள்ளைகளை இவர்தான் வளர்க்கிறார். இதையெல்லாம் கேட்டபின் பார்க்ஸ் அவரை அமெரிக்கக் கொடிக்கு முன்னால் நிற்க வைத்தார். ஒரு பக்கம் துடைப்பம், இன்னொரு பக்கம் தரை துடைக்கும் மாப். கிராண்ட் வுட் 1930-இல் வரைந்த ‘அமெரிக்கன் காதிக்’ ஓவியத்தின் பெயரே இந்தப் படத்துக்கும் ஆயிடுச்சு. ஸ்ட்ரைக்கர் இதைப் பார்த்து, எல்லாரோட வேலையும் போயிடும்னு பயந்தார்.

பெரும்பாலானவங்க இந்தக் கதையை இங்கேயே நிறுத்திடுவாங்க. ஆனா பார்க்ஸ் நிறுத்தலை. அடுத்த சில மாதங்கள் வாட்சனோடயே போனார். அவர் வீட்டுக்கு, கடைக்கு, சர்ச்சுக்கு.

வீட்டில் எடுத்த ஒரு படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாசல் சட்டத்துக்கு அந்தப் பக்கம் வாட்சனும் பேரக்குழந்தைகளும். இந்தப் பக்கம் அவருடைய வளர்ப்பு மகள். மேசைமேல் பழைய தம்பதி ஒருவரின் சட்டம் போட்ட படம். ஒரே ஃபிரேமில் பல தலைமுறை. இன்னொரு படத்தில் அவருடைய சர்ச் திருவிழா. தண்ணீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் பாதிரியார் நிற்கிறார், சுற்றிலும் ரோஜாப் பூக்கள். ஒவ்வொரு பூவையும் ஆசீர்வதித்து மக்களுக்குக் கொடுக்கிறார். காவேரிப்பட்டணம் மயானக்கொள்ளையைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இதில் புரியாதது எதுவும் இருக்காது. கூட்டத்தில் ஒருத்தராக நிற்கும்போது கிடைக்கிற பலம்தான் அது.

கொடியும் துடைப்பமும் உள்ள படம் அமெரிக்கா அவருக்கு என்ன செய்தது என்று சொல்லுது. வீட்டுப் படங்களும் சர்ச் படங்களும் அவர் யார் என்று சொல்லுது. ரெண்டும் வேணும். ஆனா முதல் வகைப் படம்தான் சீக்கிரம் பரவும்.

இந்த ஆபத்து பார்க்ஸுக்கே நேர்ந்தது. 1948-இல் ‘லைஃப்’ பத்திரிகைக்காக நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ரெட் ஜாக்சன் என்ற 17 வயது கும்பல் தலைவனை நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். பத்திரிகை 21 படங்களை மட்டும் வெளியிட்டது. அடிதடியும் இருட்டும் முன்னால் வந்தது, அந்தப் பையனின் சாதாரண வீட்டு வாழ்க்கை பெரும்பாலும் பின்னால் போச்சு. எடுத்தவர் ஒரு மனிதனைப் பார்த்தார், தேர்ந்தெடுத்தவங்க ஒரு ரவுடியைப் பார்த்தாங்க.

இன்னொன்று இதைவிடக் கனமானது. 1956-இல் அலபாமா மாநிலத்தில் ஒரே கறுப்பினக் குடும்பத்தின் மூன்று தலைமுறையை வண்ணத்தில் படம் எடுத்தார். பத்திரிகையில் வந்ததும் ஊர் வெள்ளையர்கள் பழிவாங்கினாங்க. அந்தக் குடும்பத்து ஆசிரியை ஆலி காசியின் வேலை போச்சு. கணவர் மரம் வெட்டிப் பிழைத்தவர், அவருடைய லாரியும் போச்சு. ஊரைவிட்டே போக வேண்டி வந்தது. நல்ல எண்ணத்தோடு எடுத்த படத்துக்கும் விலை உண்டு. அதைக் கொடுத்தது படத்தில் இருந்தவங்கதான்.

இப்போ மதுரைக்கு வருவோம். எம். பழனிக்குமார், நம்ம காலத்துப் புகைப்படக் கலைஞர். திவ்யபாரதி இயக்கி 2017-இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கையால் மலம் அள்ளும் கொடுமையையும், சாக்கடைக் குழிக்குள் இறந்தவர்களின் குடும்பங்களையும் பல வருஷமாகப் பதிவு செய்கிறார். சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ இணையக் காப்பகத்தில் வேலை செய்கிறார். 2022-இல் தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதை முதலில் பெற்றவர் இவர்தான்.

பார்க்ஸிடம் பார்த்த அதே விஷயம் இவரிடமும் இருக்கு. குழிக்குள் இறங்குகிற உடலை மட்டும் காட்டி நிறுத்த மாட்டார். வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவி, அப்பாவின் படத்தைக் கையில் பிடித்திருக்கும் குழந்தைனு சாவு எந்த வீட்டுக்குள் போச்சு என்பதைக் காட்டுவார். மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய தன் அம்மாவையும் படம் எடுத்து எழுதியிருக்கிறார். உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு கேமராவும் சொல்லிக்கொடுக்கிறார். இது முக்கியமான அடுத்த படி. யாரோ வந்து நம்ம வீட்டைப் படம் எடுப்பது போய், நம்ம வீட்டை நாமே எடுப்பது.

சரி, நம்ம ஊர். காலையில் சிப்காட் பக்கம் போய்ப் பாருங்க. தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கத்து கிராமங்களிலிருந்து வேனில் வந்து இறங்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினா கன்னடம் பேசுறவங்க நிறைய பேர். அவங்களை நம்ம ஐ.டி. உலகம் எப்போ படம் எடுக்குது? மகளிர் தினத்தன்று. யூனிஃபார்மோடு வரிசையா நிற்க வைத்து, கையில் ஆளுக்கொரு ரோஜா கொடுத்து ஒரு கிளிக். மத்தியானத்துக்குள் லிங்க்ட்இன்ல வந்துடும். படத்துக்குக் கீழே மேனேஜர் பேர் இருக்கும், அந்த அக்கா பேர் இருக்காது.

அதனால படம் எடுக்கும் முன்னாடி சில கேள்விகள் கேட்கலாம்: அக்கா, எடுக்கலாமா? இது எங்கே போகும்னு சொல்றேன், பரவாயில்லையா? பேர் போடலாமா, வேண்டாமா? காண்ட்ராக்டர் பார்த்தா உங்களுக்குப் பிரச்சனை வருமா? வேண்டாம்னு சொன்னா விட்டுடணும். சரின்னு சொன்னா, அந்தப் படத்தை முதலில் அவங்க போனுக்கு அனுப்பணும். பக்கத்தில் யார் நிற்கணும், எந்த இடத்தில் எடுக்கணும்னு அவங்களே சொல்லட்டும். பேத்தியைக் கூப்பிட்டு நிறுத்துவாங்களோ, தேர் அன்னிக்கு வந்து எடுக்கச் சொல்வாங்களோ, அது அவங்க முடிவு.

பார்க்ஸ் அந்தத் துறைக்காக எடுத்த வாட்சன் படங்கள் இப்போ அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கு, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கொடிப் படத்தோடு நிறுத்தாம, வீட்டுப் படங்கள் வரைக்கும் போய்ப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.