அலமாரி சொல்லாததை டைரி சொல்லும்

உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகங்களை எல்லாம் படித்துவிட்டீர்களா? உண்மையைச் சொன்னால், நான் படிக்கவில்லை!

லண்டன் கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் சேர்த்த சுமார் 3,000 புத்தகங்கள் இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. ஆனால், அவற்றை அவர் எப்படிப் படித்தார் என்று சொல்வது, 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் அவர் எழுதிய டைரிதான்.

1665 ஜனவரியில், நுண்ணோக்கியில் கண்டவற்றைப் பற்றி ராபர்ட் ஹூக் எழுதிய புத்தகத்தை இரவு 2 மணி வரை படித்திருக்கிறார். 1668இல் ஓர் ஆபாசப் புத்தகத்தை வாங்கி, படித்து, யாருக்கும் தெரியாமல் எரித்துவிட்டார். அலமாரியில் அது இல்லை, டைரியில் இருக்கிறது!

பார்வை போய்விடுமோ என்ற பயத்தில் 1669 மே மாதம் அந்த டைரியை நிறுத்திவிட்டார். பார்வை போகவில்லை, அதன்பின் 34 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்றிரவு என்ன படித்தீர்கள்? ஒரு வரி எழுதி வையுங்கள். அலமாரி சொல்லாததைப் பேரப்பிள்ளைகள் அதில் படிக்கட்டும்.