வயதான நாய்க்கும் ஒரு வீடு

நாய் வளர்க்க ஆசைப்பட்டுக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது குட்டிகளைத்தான். ஏழெட்டு வயது நாய்கள் ஓரமாகப் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இந்த வழக்கத்தை மாற்றப் புறப்பட்டவர் ஷெரி பிராங்க்ளின். 2007இல் அவர் தொடங்கிய 'மட்வில்' அமைப்பு, 7 வயதும் அதற்கு மேலும் ஆன நாய்களை மீட்டு வீடு தேடித் தருகிறது. மூத்த குடிமக்களையும் மூத்த நாய்களையும் ஜோடி சேர்க்கத் தனித் திட்டமே உண்டு. நல்ல பொருத்தம்தான்! காலையில் நிதானமாக ஒரு நடை, மதியம் நீண்ட தூக்கம். இருவருக்கும் அதுவே போதும்.

குட்டிக்குப் பல் விழுந்து முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும். அதுவரை செருப்பு, நாற்காலிக் கால் எதுவும் தப்பாது. சிறுநீரை அடக்கத் தெரியாததால் நள்ளிரவிலும் வெளியே கூட்டிப் போக வேண்டும். வளர்ந்த நாயிடம் இந்தத் தொல்லைகள் குறைவு. உருவம் எவ்வளவு, குணம் எப்படி, பூனையைக் கண்டால் துரத்துமா என்பதெல்லாம் பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடும். வயதான நாய் புதிதாக எதையும் கற்காது என்பதும் கட்டுக்கதை.

செலவு உண்டு, மறைப்பானேன்? பல், மூட்டு, சிறுநீரகம் எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

சிறிய இன நாய்கள் பல 14, 15 வயது வரைகூட வாழ்கின்றன. எனவே நேயர்களே, குட்டிகளைக் கொஞ்சிவிட்டு அடுத்த கூண்டையும் எட்டிப் பாருங்கள்.