தரையில் காக்கும் சக்கரங்கள்

ஆகாய விமானம் என்றதும் நாம் இறக்கைகளையே நினைக்கிறோம். வானிலிருந்து இறங்கியவனைக் காப்பவையோ சக்கரங்களும் பிரேக்குகளுமே. 1955-இல் முதன்முதலாகப் பறந்த, நால்வர் அமரும் செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தை உதாரணமாகக் கொள்வோம்.

இதில் பெரிய சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே பிரேக் உண்டு. மூக்குச் சக்கரத்துக்கு இல்லை. விமானி மிதிகளின் மேற்பகுதியைக் கால்விரலால் அழுத்த, எண்ணெயின் அழுத்தத்தால் பிரேக் கட்டைகள் உருக்குத் தட்டைப் பற்றுகின்றன. கட்டையின் கனம் சுமார் 2.5 மில்லிமீட்டராகக் குறைந்ததும் மாற்றிவிடுவர். இதற்குரியது செந்நிறக் கனிம எண்ணெய். மோட்டார் காரின் பிரேக் எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக் கைவிடும்.

டயரைக் கழற்றுவதில் அபாயம் இன்னும் பெரிது. சக்கரம் இரு பாதிகளாய்ப் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டது. காற்றிருக்கையில் அவற்றைத் தளர்த்தினால் பாதிகள் வெடித்துப் பிரிந்து ஆளையே கொல்லக்கூடும். ஆகவே வால்வின் உள்ளூசியைக் கழற்றி, காற்று முழுதும் போனபின்பே போல்ட்டுகளைத் தொடுவர். திரும்பப் பூட்டுகையில் டியூப் இடையே நசுங்காமலும், போல்ட்டுகள் குறித்த அளவுக்கே இறுகியும் இருத்தல் வேண்டும்.

ரெயிலில் ஏறும் நாம், வண்டியடியில் குனிந்து பிரேக்கைச் சோதிக்கும் தொழிலாளியை எண்ணுவதில்லை. விமானத்திலும் அவ்வாறே. யந்திரத் தொழிலை நாடும் நம் சங்கத்துப் பிள்ளைகள் மனத்திற் கொள்க: வரிசை தவறாமையே அத்தொழிலின் அறம்.