தீவகக் கடலும் மூச்சுச் சீராக்கியும்

ஈழத்தின் வடபால், யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துக் கிடக்கும் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலாய இடங்களில் வாழ்வோர்க்குக் கடலே வயலும் வழியுமாகும். சங்கு குளித்தல் இக்கடற்புறத்தின் தொன்மையான தொழில்களுள் ஒன்று. இங்கு எடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று வளையாக அறுக்கப்பட்டு, அந்நாட்டு மணமகளிரின் கையை அணிசெய்தது. முன்னாளிற் குளித்தோர் மூச்சை அடக்கி மூழ்கினர். அவர்தம் கருவி நுரையீரல் ஒன்றே. இக்காலத்தில் வடகடலிற் சங்கும் கடலட்டையும் எடுப்போருட் சிலர் அமுக்கிய காற்றைக் கலத்தில் அடைத்து முதுகிற் சுமந்து செல்கின்றனர். அக்கலத்திற்கும் அவர் வாய்க்கும் இடையே நிற்பது ‘றெகுலேற்றர்’ எனப்படும் மூச்சுச் சீராக்கி. அதன் இயல்பு யாது, அதனை உடையவனே பேணத்தக்க பகுதி எது, அவன் கைவைக்கத் தகாத பகுதி எது என்பன ஆராயத்தக்கன.

கலத்தினுட் காற்று ஏறத்தாழ 200 பார் அமுக்கத்தில் அடைபட்டிருக்கும். அதனை நேரே வாயில் ஏற்றல் இயலாது. 10 மீற்றர் ஆழத்திலோ கடல்நீரும் வளிமண்டலமும் சேர்ந்து உடலை ஏறத்தாழ 2 பார் அளவில் அமுக்குகின்றன. அந்நிலையில் மேற்பரப்பிலுள்ள காற்றைக் குழாய்வழி உறிஞ்சுதல் நெஞ்சுத் தசைகளால் ஆகாது. ஆதலின், சுற்றியுள்ள நீரின் அமுக்கத்திற்குச் சமமான அமுக்கத்தில், வேண்டும்போது மட்டும் காற்றை அளிக்கும் கருவி தேவையாயிற்று. சீராக்கி இதனை இரு படிகளிற் செய்கின்றது. கலத்தின் தலையிற் பொருத்தப்படும் முதற்படி, உள்ளிருக்கும் பேரமுக்கத்தைச் சுற்றமுக்கத்திலும் 9 அல்லது 10 பார் மிகுந்த இடையமுக்கமாகக் குறைக்கின்றது. வாயிற் கவ்வும் இரண்டாம் படியில் மென்றகடு ஒன்று உண்டு. குளிப்போன் மூச்சிழுக்குங்கால் அது உள்வாங்கி ஒரு நெம்பை அழுத்தும். உடனே வால்வு திறந்து காற்று வரும். இழுப்பு நின்றதும் சுருள்வில் வால்வை மூடிவிடும். வெளிவிடும் மூச்சு, காளான் வடிவான மெல்லிய இறப்பர் வால்வு வழியே நீரிற் கலக்கும்.

இக்கருவியே ஒரு திருத்தத்தின் பயனாகப் பிறந்தது என்பது நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப்போரிற் பெற்றோல் அருகியபோது, பிரான்சிய பொறியியலாளர் எமீல் கான்யான் மோட்டார் வண்டிகளை வாயுவினால் ஓட்டுதற்கு ஒரு சீராக்கியை அமைத்தார். கடற்படையினரான கூஸ்தோவுடன் சேர்ந்து, 1943இல் அதனையே நீரடிச் சுவாசத்திற்கு ஏற்ப மாற்றினார். பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் நிகழ்ந்த முதற் சோதனையிற் குளிப்போன் தலைநிமிர்ந்து நின்றபோது காற்று வீணே பெருகிற்று. தலைகீழானபோது மூச்சிழுத்தல் அரிதாயிற்று. காற்றை உள்விடும் மென்றகடும் மூச்சை வெளிவிடும் வாயிலும் வெவ்வேறு மட்டங்களில் இருந்தமையாற் சிறிதளவு நீரமுக்க வேறுபாடு உண்டானதே இதற்குக் காரணம். இரண்டையும் அருகருகே அமைத்ததும் குறை நீங்கிற்று. ஒரு சாணளவு மட்ட வேறுபாடும் இக்கருவியைப் பிழைபடுத்த வல்லது என்பது இதனால் விளங்கும்.

யாழ்ப்பாண மக்களும் திருத்துந் திறனிற் குறைந்தவரல்லர். 1990ஆம் ஆண்டின் பின் பெற்றோலுக்குத் தடை நிலவிய காலத்தில் அவர் மண்ணெண்ணெயைக் கொண்டே மோட்டார் சைக்கிளை ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இக்கைத்திறன் போற்றத்தக்கது. ஆயினும் தெருவில் இயந்திரம் நின்றால் இறங்கித் தள்ளலாம். கடலடியில் மூச்சு நின்றால் இறங்குதற்கு இடமில்லை. ஆகவே பேணுதல் வேறு, மாற்றியமைத்தல் வேறு என்று பகுத்தறிதல் வேண்டும்.

பேணுதல் உடையவனின் கடமை. கருவியின் முதற் பகை உப்பு. கடல்நீர் உலர்ந்தபின் எஞ்சும் உப்புப் பளிங்குகள் இறப்பர் வளையங்களைத் தேய்க்கும், பித்தளையை அரிக்கும். எனவே குளித்த அன்றே நன்னீரில் ஊறவிடல் வேண்டும். ஓடும் நீரில் ஒரு கணம் நனைத்தலால் உட்புகுந்த உப்புக் கரையாது. நெடுந்தீவும் நயினாதீவும் நன்னீர் அரிதான சுண்ணக்கல் நிலங்கள். உவர்நீர் உப்பைப் போக்காதாகையால், சேமித்த மழைநீர் ஒரு வாளியேனும் இதற்கென ஒதுக்கப்படல் தகும். ஊறவிடுமுன் முதற்படியின் வாயை உலர்த்தி மூடியால் அடைத்தல் வேண்டும். கருவி கலத்தோடு பொருந்திக் காற்றமுக்கத்தில் இராதபோது, நீரினுள் வைத்து இரண்டாம் படியின் பொத்தானை அழுத்துதல் தவறு. அழுத்தினால் நீர் குழாயினுள் ஏறும். பின்னர் நிழலில் உலர்த்துக. வெயில் இறப்பரை வெடிக்கச் செய்யும்.

சோதனைகளுட் சில எளியன. மூடியை அடைத்து வாயால் உறிஞ்சும்போது காற்று வரலாகாது. வரின் மென்றகடோ வெளிவிடும் வால்வோ பழுதுற்றது என்க. முதற்படியின் வாயிலுள்ள உலோக வடியும் பல செய்தி கூறும். அது பச்சையாயின் நீர் புகுந்து பித்தளை அரிபடுகின்றது. செந்துருவாயின் கலத்தின் உட்புறம் துருவேறுகின்றது. கறுப்பாயின் காற்றமுக்கும் இயந்திரத்திலிருந்து எண்ணெயோ கரியோ வருகின்றது. அவ்வியந்திரத்தின் புகையை அதுவே மீள உறிஞ்சுமாயின், மணமற்ற காபனோரொட்சைட்டுக் கலத்தினுட் சேர்ந்து குளிப்போனைக் கொல்லும். இதனைச் சீராக்கி தடுக்கமாட்டாது.

இனி, தொடத்தகாதவை. மூச்சு இலகுவாக வரவேண்டுமென்று சுருள்வில்லைத் தளர்த்துதலும், இடையமுக்கத்தை அளவின்றி உயர்த்துதலும் காற்றை வீணே பெருகச் செய்யும். பெரும்பாலான இரண்டாம் படிகள், பழுது நேரின் மூடிக்கொள்ளாது காற்றைச் சொரியுமாறு அமைந்தவை. குளிப்போன் மேலே வருதற்கு அவகாசம் அளிப்பது அவ்வமைப்பே. பொருந்தாத பகுதியைப் புகுத்துவோன் அறியாமலே அக்காவலைக் கெடுக்கக்கூடும். சாதாரண எண்ணெயும் வாகனக் கிறீசும் இறப்பரைக் கெடுப்பன. ஒட்சிசன் மிகுந்த கலவையிலோ தீப்பற்றுவன. முதற்படியைக் கழற்றிப் பொருத்துதல், அளவுக்கருவியும் உரிய உதிரிப்பாகமும் பயிற்சியும் உடையார்க்கே உரியது.

பாக்கு நீரிணைக் கடல் பெரும்பாலும் 15 மீற்றருக்கு உட்பட்டதாகையால் ஆபத்துக் குறைவென்று கருதுதல் மயக்கமாகும். போயில் 1662இல் வெளியிட்ட விதியின்படி, வாயுவின் கனவளவு அமுக்கத்திற்கு நேர்மாறாக மாறும். 30 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு ஏறுகையில் 3 பங்கு காற்று 4 பங்காகும். கடைசி 10 மீற்றரிலோ அஃது இருமடங்காகும். சீராக்கி கைவிட, அச்சத்தால் மூச்சை அடக்கி மேலெழுவோனுடைய நுரையீரல் ஆழமற்ற நீரிலேயே கிழியலாம்.

முற்காலத்துக் குளிப்போன் தன் மூச்சின் எல்லையை அறிந்து திரும்பினான். இக்காலத்தான் தன் கருவியின் எல்லையையும், அதனைத் திருத்தும் தன் கையின் எல்லையையும் அறிதல் வேண்டும். நாள்தோறும் ஒரு வாளி நன்னீரும் காலந்தோறும் தேர்ந்தோன் ஒருவனின் பார்வையும் பெரும் பொருட்செலவல்ல. கடலடியில் அவனைக் காப்பன அவ்விரண்டுமே.