கட்டைவிரலுக்கு 30 சதவீதம். கை பழக யார் செலவு?

பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, நாலெட்டில் இருக்கும் சாலைக் கம்போளத்துக்குள் வேலைக்கு நுழையும் தமிழர்கள் அநேகர். மூட்டை தூக்குபவர், மாவு மில்லில் நிற்பவர், அச்சகத்தில் காகிதம் வெட்டுபவர், கணக்கெழுதும் குமாஸ்தா என்று ஆளுக்கொரு பிழைப்பு. மிஷினில் கை சிக்கிக்கொண்டால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி, சிக்கிய பிறகுதான் எழுகிறது. அப்போது யோசனை சொல்ல முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் முதலாளியின் ஆள்!

பத்துப் பேர் வேலை செய்யும் இடமாகவும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாமலும் இருந்தால் அது இ.எஸ்.ஐ. கணக்கு. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நோய்க்கால உதவி பெறத்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு. வேலையில் பட்ட காயத்துக்கு அது கிடையாது. சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் உரிமை உண்டு. கை ஆறும் வரை கூலியில் 90 சதவீதம் வரும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்தும், நேரமும் வழியும் பொருந்தினால், 2010 முதல் இதில் அடக்கம். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் குமாஸ்தாக்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் முதலாளியே நஷ்டஈடு கொடுக்க வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த இந்தக் கடமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம் பெற்றிருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றுதான்.

விரலுக்கு விலை போட்ட பட்டியல் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ ஆனால் 7. நாற்பது வயதுக்காரர், சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் 60 சதவீதமான 9,000 ரூபாயை அந்த வயதுக்குரிய 184.17 என்ற எண்ணால் பெருக்கினால் 16,57,530 ரூபாய். அதில் 30 சதவீதம், 4,97,259 ரூபாய், கட்டைவிரலுக்கு உரியது. சம்பளம் எவ்வளவு அதிகமானாலும், 2020 ஜனவரி அறிவிப்பின்படி 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். "இருபதாயிரம் தருகிறேன், இந்தத் தாளில் கையெழுத்துப் போடு" என்றால், போடுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் அப்படிப்பட்ட தாள் சட்டப்படி செல்லாது என்பது வேறு விஷயம்.

பணம் வந்தாலும் கை வருமா? தையல் பிரித்த பிறகு விரல்கள் மடங்காமல் விறைத்துப் போவது சகஜம். அங்கேதான் ஆக்குபேஷனல் தெரபி வருகிறது. சட்டைப் பொத்தான் போட, பேனா பிடிக்க, முடிச்சுப் போட, சுத்தியலைப் பற்ற மறுபடி கையைப் பழக்கும் சிகிச்சை இது. இந்தியாவில் இதற்கு முதல் பள்ளி 1950இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் தொடங்கியது, தொடங்கியவர் கமலா நிம்ப்கர் அம்மையார். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், வந்து போக வேண்டிய வைத்தியம். சிக்கலும் அதில்தான். தனியார் மெடிக்ளெயிம் பாலிசிகள் பொதுவாக 24 மணி நேரமாவது படுக்கையில் கிடந்தால்தான் பணம் தரும். வீடு திரும்பிய பின் செலவுக்குப் பெரும்பாலும் 60 நாள் வரை என்று கெடு வைக்கும். கை பழகுவதற்குள் கெடு முடிந்துவிடும். பாலிசியில் இந்த ஒரு வரியைப் படிக்காமல் விடக்கூடாது. "மெடிக்ளெயிம் எடுத்துக் கொடுத்துவிட்டேனே" என்பது நஷ்டஈடு தராமலிருக்கக் காரணமாகவும் ஆகாது.

இ.எஸ்.ஐ.க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பேரூர்க்கடையில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. பழைய வேலைக்கு இனி லாயக்கில்லை என்றால், வேறு தொழில் பயில நாலாஞ்சிறையில் மாற்றுத் திறனாளிகளுக்கான மத்திய அரசு மையமும் உண்டு.

"பழக்கினால் கை தேறிவிடும், சதவீதம் குறைந்துவிடும்" என்று பயந்து சிகிச்சைக்கே போகாதவர்கள் இருக்கிறார்கள். பாவம், யாரோ கிளப்பிவிட்ட பயம். துண்டிக்கப்பட்ட விரலுக்குப் பட்டியல் சொல்வதே சதவீதம். கை எவ்வளவு தேறினாலும் அது குறையாது. விரல் இருந்தும் அறவே பயன்படாமல் போனால், அதை இழந்ததாகவே கருதவும் சட்டம் இடம் தருகிறது. பட்டியலில் இல்லாத காயத்துக்குத்தான் டாக்டர் மதிப்பிடுவார். அப்போது, கைப்பிடியின் பலம் மாதாமாதம் எவ்வளவு இருந்தது என்று தெரபி நிபுணர் எழுதிய சீட்டுகள் நல்ல சாட்சியாகும். இ.எஸ்.ஐ.யிலோ, சொன்ன சிகிச்சையை எடுக்காமல் இருந்தால் உதவித்தொகைக்கே கேடு.

விபத்து நடந்த அன்றே முதலாளிக்கு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். நஷ்டஈடு மனுவுக்கு இரண்டு வருஷம் கெடு. கை ஒடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டவர் மனுப்போடத் திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து, தாம் குடியிருக்கும் ஊருக்குரிய அதிகாரியிடமே, அது நாகர்கோவிலானாலும் திருநெல்வேலியானாலும், கொடுக்கலாம்.